பிஆர்சிஏ அறிக்கை: மாற்றம் புரதத்தின் எந்த இடத்தில் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் பற்றிய செய்திகளில் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனையும் இப்போது அடிக்கடி இடம்பெறுகிறது. மகிழ்ச்சி. ஆனால் அவற்றில் பல, ‘மரபணுவில் மாற்றம் இருந்தால் புற்றுநோய் வரும், இல்லாவிட்டால் வராது’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த வரியின் இரண்டு பாதியும் தவறு. இதை நம்பி ஒரு குடும்பம் தேவையில்லாத அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம். இன்னொரு குடும்பம் செய்தே ஆக வேண்டிய பரிசோதனையை விட்டுவிடலாம். டிஎன்ஏ பழுதுநீக்கும் புரதங்களின் வடிவத்தை ஆராய்பவர்களும் மரபணு ஆலோசனை சொல்பவர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மாற்றம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அது புரதத்தின் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, அந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும்.

பிஆர்சிஏ1 மரபணு 17-ஆம் குரோமோசோமிலும், பிஆர்சிஏ2 13-ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. ஆண், பெண் எல்லோரிடமும் தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு. முதலாவது, புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்கள் 1,863 கொண்ட புரதத்தையும், இரண்டாவது 3,418 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தையும் தருகின்றன. அறுந்துபோன டிஎன்ஏ-யைப் பிழையில்லாமல் இணைக்க உதவுவதுதான் இவற்றின் முதன்மை வேலை. நம் உடலில் ஒவ்வொரு செல்லிலும் தினமும் பல்லாயிரம் டிஎன்ஏ சேதங்கள் நேர்கின்றன. பெரும்பாலும் ஒரு இழையில் மட்டும் நேரும் சேதம் என்பதால், எதிர் இழையைப் பார்த்தே செல் சரிசெய்துகொள்ளும். இந்த அன்றாடப் பழுதுநீக்கத்தின் வழிமுறைகளைக் கண்டறிந்ததற்காகத்தான் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஜிஸ் சன்ஜார் மூவருக்கும் 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துவிட்டால் எதிரே பார்த்து எழுத எதுவும் இல்லை. உண்மையான ஆபத்து அங்கேதான்.

அப்போது செல்லுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், கியூ70, கியூ80 என்ற இரு புரதங்கள் சேர்ந்த வளையம், விரலில் மோதிரம் நுழைவதுபோல, அறுந்த முனையில் நுழைந்து உட்காரும். முனைகளைச் சேர்த்து வைத்து, வேறு புரதங்களை அழைத்து, அப்படியே ஒட்டிவிடும். வேகமான வழி. ஆனால் ஒட்டும் இடத்தில் டிஎன்ஏ-யின் எழுத்துகள், அதாவது அதன் அடிப்படை அலகுகள், சில தொலையலாம், சில கூடலாம்.

இரண்டாவது வழிதான் பிஆர்சிஏ-யின் களம். செல் தன் டிஎன்ஏ-யைப் பிரதியெடுத்த பிறகு, பிரிவதற்கு முன், ஒரே மாதிரியான இரண்டு பிரதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று அறுந்தால் மற்றொன்றைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரிசெய்யலாம். எம்ஆர்என் என்ற மூன்று புரதக் கூட்டு அறுந்த முனைகளைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஒரு இழை கொறிக்கப்பட்டு, மற்றது நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில், எழுத்துகள் நீளத்துக்குத் தனியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆர்பிஏ என்ற புரதம் உடனே அதன்மேல் படர்ந்து காக்கிறது. அதை விலக்கிவிட்டு அந்த இடத்தில் ஆர்ஏடி51 என்ற புரதத்தை வரிசையாக ஏற்ற வேண்டும். ஏற்றுவது பிஆர்சிஏ2. அதை அந்த இடத்துக்குக் கொண்டுவருவது பிஆர்சிஏ1. இரண்டுக்கும் இடையில் பாலமாக நிற்பது பிஏஎல்பி2.

இந்த ஏற்றும் வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் தெரியும். ஆர்ஏடி51 மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று பிடித்துச் சங்கிலியாகும் தன்மை கொண்டவை. ஒன்றின் உடலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம், அடுத்ததன் குழிக்குள் போய் உட்காரும். கண்ட இடத்தில் இப்படிச் சங்கிலி கட்டினால் செல்லுக்குக் கெடுதல். பிஆர்சிஏ2-வின் நடுப்பகுதியில் சுமார் 35 அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டு எட்டு முறை திரும்பத் திரும்ப வருகிறது. 2002-இல் அதன் நான்காவது துண்டு ஆர்ஏடி51-ஐப் பிடித்திருக்கும் நிலையை எக்ஸ்-கதிர் படிகவியல் மூலம் பார்த்தபோது, அந்தத் துண்டில் உள்ள, பிஆர்சிஏ2-வின் 1524-ஆம் இடத்து ஃபீனைல்அலனினும் 1527-ஆம் இடத்து அலனினும் அதே குழிகளில் பொருந்தியிருந்தன. பக்கத்து ஆர்ஏடி51 பிடிக்க வேண்டிய இடத்தைப் பிஆர்சிஏ2 அதே வடிவத்தில் வந்து பிடித்துக்கொள்கிறது. வேண்டாத இடத்தில் சங்கிலி கட்டாமல் தடுத்து, ஒற்றை இழை டிஎன்ஏ-யில் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கே ஒவ்வொரு ஆர்ஏடி51-உம் மூன்று எழுத்துகளைப் பற்றும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஆறு மூலக்கூறுகள். டிஎன்ஏ தன் இயல்பு நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளும். நீண்ட அந்த இழைதான் பக்கத்துப் பிரதியில் தன் ஜோடியைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

இந்த ஏற்பாடு குலைந்தாலும் செல் உடனே செத்துவிடுவதில்லை. அவசர வழிகளில் ஒட்டிக்கொண்டு பிழைக்கிறது. எழுத்துகள் தொலைகின்றன, குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒட்டுகின்றன. ஒரு பிரதி பழுதாகப் பிறந்தவரிடம், ஏதோ ஒரு செல்லில் இரண்டாவது பிரதியும் போய்விட்டால், அந்தச் செல்லின் வாரிசுகளில் பிழைகள் அடுக்கடுக்காகச் சேரும். புற்றுநோய் பிறக்கும் பாதை அது. மாற்றம் உள்ள எல்லோருக்கும் அந்த இரண்டாவது இழப்பும் அதற்குப் பின் வரும் பிழைகளும் நேர்ந்தே தீரும் என்பதில்லை. ஏறத்தாழ 10,000 பெண்களைக் கண்காணித்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, கெடுதலான பிஆர்சிஏ1 மாற்றம் உள்ளவர்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய் 44 சதவீதம். பிஆர்சிஏ2-வில் இவை 69, 17 சதவீதம். மறுபக்கம், மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை 5 முதல் 10 சதவீதம்தான். ஆகவே பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்தவரும் வழக்கமான மார்பகப் பரிசோதனையை விடக் கூடாது.

இனி, இடம் பற்றிய கேள்விக்கு வருவோம். மரபணுவில் ‘நிறுத்து’ என்ற குறி பாதியிலேயே வந்துவிட்டால் புரதம் அரைகுறையாகும், கெடுதல்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரி. தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் காணப்படும் 185டெல்ஏஜி என்ற பிஆர்சிஏ1 மாற்றத்தில் இரண்டு எழுத்துகள் விடுபட்டு, 39-ஆம் இடத்திலேயே நிறுத்தக் குறி வந்துவிடுகிறது. 1,863 அமினோ அமிலங்களுக்குப் பதில் உருவாகக்கூடியது 38 மட்டும். இதில் விவாதமே இல்லை. ஆனால் கடைசிப் பகுதியில் நிறுத்தக் குறி வந்தால் என்ன? பிஆர்சிஏ2-வில் 3326-ஆம் இடத்தில் நிறுத்தக் குறி விழும் ஒரு மாற்றம் உண்டு. புரதத்தின் கடைசி 93 அமினோ அமிலங்கள் போய்விடும். ஐரோப்பிய வம்சாவளியினரில் நூறு பேரில் ஒருவர் இருவரிடம் இது இருக்கிறது. பெரிய ஆய்வுகளில் ஆபத்து மிகச் சிறிதளவே கூடியது. இதை வைத்து அறுவை சிகிச்சை செய்வதில்லை. பிஆர்சிஏ1-இல் 1853-ஆம் இடத்தில் நிறுத்தக் குறி விழுந்தால் போவது கடைசி 11 மட்டும். அது கடும் ஆபத்து தரும் மாற்றம்.

93 போனால் தாங்குகிறது, 11 போனால் தாங்கவில்லை. காரணம் வடிவம். பிஆர்சிஏ1-இன் வால்பகுதியில், சுமார் 1650 முதல் இறுதிவரை, பிஆர்சிடி என்ற இரட்டை மடிப்பு (புரதச் சங்கிலி மடிந்து நிற்கும் உருவம்) இருக்கிறது. கடைசி 11 அமினோ அமிலங்கள் அந்த மடிப்பைக் கட்டிவைக்கும் பகுதி. அவை இல்லாவிட்டால் மடிப்பு முழுவதும் அவிழ்ந்து, செல் அந்தப் புரதத்தையே சிதைத்துவிடும். பிஆர்சிஏ2-வில் டிஎன்ஏ-யைப் பற்றும் மடிப்புகள் 3326-க்கு வெகு முன்பே முடிந்துவிடுகின்றன; மீதியுள்ள 93 எந்த மடிப்பையும் தாங்கி நிற்கவில்லை.

ஒரே ஒரு அமினோ அமிலம் மாறும் வகையில்தான் குழப்பம் அதிகம். பிஆர்சிஏ1-இன் முன்பகுதியில் ‘ரிங்’ என்ற மடிப்பு உண்டு. இரண்டு துத்தநாக அயனிகளை ஏழு சிஸ்டின்களும் ஒரு ஹிஸ்டிடினும் பிடித்திருப்பதால்தான் அது உருவத்தோடு நிற்கிறது. 61-ஆம் இடத்துச் சிஸ்டின் கிளைசினாக மாறினால் ஒரு துத்தநாகத்துக்குப் பிடி போய்விடும். கூட்டாளியான பிஏஆர்டி1 புரதத்தோடு சேர்ந்து செய்யும் வேலையும் கெடும். போலந்து நாட்டில் பல குடும்பங்களில் காணப்படும் கெடுதலான மாற்றம் இது. வால்பகுதியில் 1775-ஆம் இடத்து மெத்தியோனின், கூட்டாளிப் புரதத்தின் ஃபீனைல்அலனின் வந்து பொருந்தும் குழியை அமைப்பது. அங்கே பருத்த, மின்னூட்டம் கொண்ட ஆர்ஜினின் வந்தால் குழி அடைபட்டுவிடும். அதுவும் கெடுதல். ஆனால் 871-ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின் வருவது உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கும் தீங்கற்ற வேறுபாடு. பிஆர்சிஏ1-இன் நடுவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் நிலையான மடிப்பே இல்லாமல் தளர்வாகக் கிடக்கின்றன; 871 அதற்குள் வருகிறது.

இதை வைத்து, நடுவில் எது மாறினாலும் கவலையில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தளர்வான பகுதியிலும் பிஏஎல்பி2-வைப் பிடிக்கும் குறுந்துண்டு போன்ற முக்கிய இடங்கள் உண்டு. நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அதற்குப் பின்னுள்ள அனைத்தும் போய்விடும். அமினோ அமிலம் பார்வைக்கு மாறாமலே, மரபணுவின் நகலான ஆர்என்ஏ-வின் துண்டுகள் ஒட்டும் எல்லையில் ஒரு எழுத்து மாறினால் ஒரு பகுதி முழுவதும் விடுபட்டுப்போகும். இந்தக் கடைசி வகை, புரதத்தின் படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. ஆர்என்ஏ-வைச் சோதித்தால்தான் பிடிபடும்.

ஆய்வகங்கள் 2015-இல் வகுக்கப்பட்ட ஐந்து படிகளில் ஒன்றைத் தருகின்றன: தீங்கற்றது, தீங்கற்றதாக இருக்கலாம், உறுதியாகாதது, கெடுதலாக இருக்கலாம், கெடுதலானது. ‘கெடுதலாக இருக்கலாம்’ என்றால் 90 சதவீதத்துக்கு மேல் உறுதி என்று பொருள். சிகிச்சை முடிவுக்கு அது போதும். நடுவில் உள்ள ‘உறுதியாகாதது’, அறிக்கைகளில் வி.யு.எஸ். என்று வரும். இதை வைத்து மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்றக் கூடாது. நலமாக உள்ள உறவினர்களுக்கு இதே மாற்றத்தைத் தேடி அவர்களின் ஆபத்தைக் கணிக்கவும் கூடாது. கண்காணிப்பு எவ்வளவு வேண்டும் என்பதைக் குடும்பத்தில் யார் யாருக்கு, எந்த வயதில் நோய் வந்தது என்பதைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

இந்த நடுப்படி நம்மவர்களின் அறிக்கைகளில் கூடுதலாக வருவதற்கும் காரணம் உண்டு. ஒரு மாற்றம் நலமான மக்களிடம் பரவலாக இருந்தால் அது தீங்கற்றது என்று எளிதில் சொல்லிவிடலாம். அந்த ஒப்பீட்டுத் தரவுகளில் பெரும்பங்கு ஐரோப்பியர்களுடையது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதிகளைப் படித்த ‘ஜீனோம் இந்தியா’ தரவுகள் 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இன்னொரு பக்கம், 2018-இல் பிஆர்சிஏ1-இன் முன், வால் பகுதிகளில் சாத்தியமான ஏறத்தாழ 3,900 ஒற்றை எழுத்து மாற்றங்களைச் செல்களில் ஒவ்வொன்றாக உண்டாக்கி, செல் பிழைக்கிறதா என்று பார்த்தார்கள். பிஆர்சிஏ2-வின் டிஎன்ஏ பற்றும் பகுதிக்கும் அதேபோன்ற சோதனை முடிவுகள் வந்துவிட்டன. பழைய அறிக்கையில் ‘உறுதியாகாதது’ என்று வந்தவர்கள் அதே ஆய்வகத்தில் மறுபடி கேட்க வேண்டியது இதனால்தான். பல மாற்றங்கள் தீங்கற்றவை என்று இறங்கிவிடும். சில மேலே ஏறும்.

செயற்கை நுண்ணறிவுக்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்த பிறகு, ‘ஆல்ஃபாஃபோல்டில் போட்டுப் பார்த்தோம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிறது, பயமில்லை’ என்று சொல்பவர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். இது மிகவும் தவறான பயன்பாடு. அந்த மென்பொருள் இயல்பான புரதத்தின் மடிப்பைக் கணிக்க உருவானது. ஒரு அமினோ அமிலத்தை மாற்றிக் கொடுத்தாலும் பெரும்பாலும் பழைய மடிப்பையே திருப்பித் தரும். பரவலாகப் பயன்படும் அதன் தரவுத்தளப் படங்களில் துத்தநாகமும் இருக்காது. 61-ஆம் சிஸ்டின் போனதால் ஏற்படும் சரிவை அங்கே தேடிப் பயனில்லை. படத்தில் நம்பிக்கை மதிப்பெண் 50-க்குக் கீழே உள்ள பகுதிகளின் உருவத்தை உருவமாகவே கொள்ளக் கூடாது. ஆய்வகத்தில் தீர்க்கப்பட்ட வடிவங்களைக்கூட நாங்கள் அப்படியே ஏற்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் சகாக்களும் 1963-இல் வெளியிட்ட வரைபடம்தான் இன்றும் உலகில் எந்தப் புரத வடிவத்துக்கும் முதல் சோதனை; அமினோ அமிலங்களின் முதுகெலும்புக் கோணங்கள் அதில் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் விழுகின்றனவா என்று பார்த்த பிறகே மேலே பேசுவோம்.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். குடும்பத்தில் புற்றுநோய் வந்தவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அவரை விட்டுவிட்டு நலமாக உள்ள மகளைச் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால், குடும்பத்தில் மாற்றமே இல்லையா, இருந்து மகளுக்கு வரவில்லையா என்று தெரியாது. ரத்தம் 3 முதல் 5 மில்லி போதும். ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் எடுத்து, உறையாதபடி மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது டிஎன்ஏ-யைப் பெருக்கும் வினையைத் தடுக்கும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் ரத்தத்தில் இருப்பது கொடையாளரின் டிஎன்ஏ. அவருக்குத் தோல் மாதிரி வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் ஆய்வகத்திடம் சொல்லிவிட வேண்டும். மரபணுவின் பெரும் துண்டு ஒன்றே விடுபட்டிருந்தால் எழுத்துகளை மட்டும் படிக்கும் முறையில் அது நழுவிவிடும். எம்எல்பிஏ போன்ற முறையிலும் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். கட்டியில் கண்ட மாற்றம் பரம்பரையானதா என்பது ரத்தத்திலும் பார்த்தால்தான் தெரியும். கெடுதலான மாற்றம் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், 18 வயது நிறைந்த பிள்ளைகள் என ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மகன்களை ஒதுக்கிவிடக் கூடாது. தந்தை வழியிலும் இது இறங்கும். பிஆர்சிஏ2 மாற்றம் ஆண்களுக்குப் புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது.

சிகிச்சையிலும் இதே கேள்விதான் வருகிறது. பார்ப்1 என்ற புரதம் ஓரிழைக் கீறலைக் கண்டால் அங்கே போய் உட்காரும். என்ஏடி என்ற மூலக்கூறைப் பயன்படுத்தித் தன்மேலேயே எதிர்மின்னூட்டச் சங்கிலிகளை வளர்த்து, மற்ற பழுதுநீக்கிகளை அழைத்துவிட்டு விலகும். ஓலாபரிப் போன்ற மருந்துகள் என்ஏடி உட்காரும் குழியை அடைத்துவிடுகின்றன. பார்ப்1 விலக முடியாமல் டிஎன்ஏ-யிலேயே சிக்கிக்கொள்ளும். பிரதியெடுக்கும் எந்திரம் அதில் மோதி, இரண்டு இழைகளும் அறுபடும். பிஆர்சிஏ வேலை செய்யும் செல் அதைச் சரிசெய்து பிழைக்கும், வேலை செய்யாத புற்றுச்செல் சாகும். 2005-இல் செல்களில் காட்டப்பட்ட இந்தக் கருத்து, 2014 டிசம்பரில் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி பெற்றது. வழக்கமான அளவு 300 மில்லிகிராம், தினம் இருமுறை; ரத்தசோகை வருவதால் தொடக்கத்திலும் மாதந்தோறும் ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். வி.யு.எஸ். மட்டும் உள்ளவருக்கு, அதை ஆதாரமாக வைத்து இந்த விலை உயர்ந்த மருந்தைத் தொடங்குவது நியாயமில்லை. நன்றாக வேலை செய்துவந்த மருந்து ஒரு கட்டத்தில் நின்றுபோவதும் உண்டு. மரபணு மூன்று மூன்று எழுத்துகளாக வாசிக்கப்படுகிறது; இரண்டு எழுத்துகள் விடுபட்டதால் குலைந்த அந்த வாசிப்பு, கட்டியின் சில செல்களில் பக்கத்திலேயே இன்னொரு எழுத்து விடுபடுவதால் மீண்டும் நேராகிவிடும். பிஆர்சிஏ புரதம் திரும்ப உருவாகி, அந்தச் செல்கள் மருந்தைத் தாங்கும்.

ஆய்வகங்களிடம் நாங்கள் கேட்பது இது. மாற்றத்தின் பெயரோடு, அது புரதத்தின் எந்த மடிப்பில் விழுகிறது, எந்த ஆதாரத்தில் இந்தப் படி கொடுக்கப்பட்டது, பெரிய துண்டு இழப்புகள் சோதிக்கப்பட்டனவா என்பவற்றை, நோயாளிக்குப் புரியும் தமிழில், அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். படி மாறினால் தொடர்புகொள்வதற்கு நோயாளியின் ஒப்புதலை மாதிரி எடுக்கும்போதே வாங்கி வையுங்கள். அடையாளம் நீக்கிய மாற்றங்களை ‘கிளின்வார்’ போன்ற பொதுத் தரவுத்தளங்களில் சேருங்கள். நம் குடும்பங்களின் ‘உறுதியாகாதது’ குறைவதற்கு இது மிகவும் தேவை. தங்கள் நாளிதழ் இனி இதுபற்றி எழுதும்போது, ‘மாற்றம் கண்டறியப்பட்டது’ என்பதோடு அது ஐந்து படிகளில் எதில் இருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதக் கேட்டுக்கொள்கிறோம். கையில் பழைய அறிக்கை வைத்திருக்கும் வாசகர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை மரபணு ஆலோசகரிடமோ, பரிசோதித்த ஆய்வகத்திடமோ காட்டி, படி மாறியிருக்கிறதா என்று எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
புரத அமைப்பியல், மரபணு ஆலோசனைத் துறைகளில் பணியாற்றுவோர்,
சென்னை.